உறவுமுறை எழுதும் கட்டம்

லூதியானா
2-1-2026

திரு. கந்தவேல் அவர்களுக்கு,

என் பெயர் ஆறுச்சாமி. உங்கள் மனைவி நிர்மலாவின் முதல் புருசன், அன்புசெல்வியின் அப்பா. இந்த ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. நம் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் மாமன், மச்சான், பங்காளி என்று கூப்பிட ஒரு முறை இருக்கும். உங்களுக்கும் எனக்கும் என்ன முறை என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதனால் திரு. போட்டிருக்கிறேன்.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். உங்கள் நம்பர் என்னிடம் இல்லை. நிர்மலா என் நம்பரை பிளாக் செய்து ஆறு வருசம் ஆகிறது. எதுவானாலும் எழுத்தில்தான் என்று கோர்ட்டில் சமரசம் பேசியபோதே எழுதி வாங்கிவிட்டாள். அதிலும் நியாயம் உண்டு. போனில் நான் சத்தம் போடுவேன். எழுதும்போது சத்தம் வராது. உங்கள் கம்பெனி திருப்பூர் அருள்புரத்தில் இருப்பதாகப் பாப்பா எப்போதோ சொன்னாள். அந்த விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

விசயம் சின்னதுதான். பாப்பாவுக்கு ஸ்கூல் ஃபீஸ் நான்தான் கட்டுகிறேன், அது உங்களுக்கும் தெரியும். மூன்று தவணை, ஒரு தவணை கூடத் தவறியதில்லை. வருசக் கடைசியில் இங்கே கம்பெனியில் வருமான வரிக்கு ஒரு ஃபார்ம் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குக் கட்டிய டியூஷன் ஃபீஸை அதில் காட்டலாம். காட்டுவதற்குப் பள்ளிக்கூடம் சீல் வைத்துத் தரும் சான்றிதழ் வேண்டும். போன வருசம் கூரியரில் அனுப்பி வைத்தார்கள். இந்த வருசம் கேட்டதற்கு ஆபீஸ் அம்மா சொல்கிறார்: "அது குடுத்தாச்சுங்களே. அன்புசெல்வியோட அப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கீட்டுப் போயிட்டாருங்க."

"அப்பா நான்தாங்க" என்றேன். அந்த அம்மா ரிஜிஸ்தரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "ஒரு வருசத்துக்கு ஒண்ணுதான் தருவமுங்க" என்று வைத்துவிட்டார்.

வாங்கிப் போனது நீங்கள் என்றால் அதை எனக்கு அனுப்பி வையுங்கள். ஜனவரி 31க்குள் நான் இங்கே கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆறுச்சாமி


அருள்புரம்
10-1-2026

மதிப்பிற்குரிய ஆறுச்சாமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சான்றிதழை வாங்கியது நான்தான். ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த வரியில் 'பெற்றோர்' என்றுதான் அச்சடித்திருந்தது. 'தந்தை' என்று நானாக எதையும் எழுதவில்லை. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் இந்தக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். தாங்கள் சொல்லும் அந்த ஃபார்மை இங்கே எல்லாரிடமும் நிரப்பி வாங்குகிறவனே நான்தான். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் பொய். ஃபீஸ் யார் கட்டினாரோ அவர்தான் காட்ட வேண்டும். தெரிந்தேதான் செய்தேன். ஏன் என்று எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் தங்கள் விருப்பம்.

என் வீட்டில் மூன்று குழந்தைகள். முகிலன் பிளஸ் ஒன், யாழினி ஆறாவது. இருவரும் என் முதல் மனைவியின் பிள்ளைகள். யாழினி பிறந்த மறு வருசம் அவர்கள் அம்மா தவறிவிட்டாள். மூன்றாவது அன்பு. வருமான வரிச் சட்டப்படி ஒருவர் இரண்டு குழந்தைகளின் ஃபீஸை மட்டுமே காட்டலாம். நானும் ஒவ்வொரு வருசமும் முகிலன், யாழினி என்று இரண்டு பெயரை எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அன்புவுக்குத் தாங்கள் கட்டுகிறீர்கள், அது தனி. கணக்கு அங்கே முடிந்தது.

அக்டோபரில் ஒருநாள் ஃபார்மை வீட்டுக்கு எடுத்துப் போய், நிரப்பி, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அன்பு ஸ்டேப்ளர் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். மறுநாள் ஆபீசில் எடுத்துப் பார்த்தால் 'குழந்தைகள்: 1. முகிலன் 2. யாழினி' என்று நான் எழுதியதற்குக் கீழே பென்சிலில் 3 என்று போட்டிருந்தது. எதிரே பெயர் இல்லை. எண் மட்டும்தான்.

நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தத் தாளைக் கம்பெனியில் கொடுக்க மனம் வரவில்லை. வேறு ஃபார்ம் எடுத்து முகிலன், அன்புசெல்வி என்று எழுதினேன். யாழினி சின்னவள், அவளுக்கு இதெல்லாம் புரியாது. டிசம்பரில் சான்றிதழ் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் போய் வாங்கினேன். அவ்வளவுதான் நடந்தது.

சான்றிதழ் இப்போது கம்பெனி ஃபைலில் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

தங்கள்
கந்தவேல்


லூதியானா
18-1-2026

திரு. கந்தவேல் அவர்களுக்கு,

நல்லா எழுதுகிறீர்கள். பென்சில் 3 படித்ததும் எனக்கே ஒரு நிமிசம் உங்கள் பேரில் பாவமாகிவிட்டது. அப்புறம்தான் கோபம் வந்தது.

உங்கள் வீட்டில் காலையில் அவள் எழுந்திருக்கிறாள். உங்கள் வண்டியில் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். டைரியில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். காய்ச்சல் வந்தால் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறீர்கள். அவள் பெயர் உங்கள் ரேஷன் கார்டில் இருக்கிறது. இத்தனையும் உங்களிடம் இருக்கிறது. நான் ஏதாவது கேட்டேனா? என்னிடம் இருப்பது வருசத்துக்கு ஒரு ஃபார்ம். அதில் பணியாளர் பெயர் என்று ஒரு கட்டம், குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டம். இந்த உலகத்தில் என் பெயரும் அவள் பெயரும் ஒன்றாக இருக்கும் காகிதம் எனக்கு அது ஒன்றுதான். அதையும் கொண்டுபோய் உங்கள் ஃபைலில் வைத்துக்கொண்டீர்கள்.

இங்கே என்ன குளிர் தெரியுமா? இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். ஸ்வெட்டர் மட்டும் குறைவில்லை, ஊரே ஸ்வெட்டர் பின்னுகிற ஊர்தானே. நான் நிட்டிங் ஃபிட்டர். மிசின் ஓடுகிற வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மிசினை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குத்தான் பொழுதே போகாது. நல்லூரில் நாங்கள் குடியிருந்தபோது எதிர் லைன் வீட்டில் பீகார் பையன்கள் எட்டுப் பேர் ஒரே ரூமில் இருந்தார்கள். ராத்திரி ஆனால் போனை வைத்துக்கொண்டு ஊரோடு பேசிக்கொண்டே இருப்பார்கள். "இவனுங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்று திட்டியிருக்கிறேன். இப்போது என் ரூமில் நான் ஒருவன்தான். திட்டுவதற்கு எதிர் வீட்டுக்காரனுக்கு ஒரு காரணமும் நான் கொடுப்பதில்லை. பேச ஆளிருந்தால்தானே சத்தம் வரும்.

குக்கரில் ஒரு ஆளுக்கு அரிசி வைக்க இன்னும் எனக்குக் கைவரவில்லை. எப்போதும் மிஞ்சிவிடுகிறது.

மேனேஜரிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பன் கேட்கிறான் என்று சொல்லுங்கள். எங்கள் ஹெச்.ஆர். கொடுத்த நோட்டீசை இத்துடன் வைத்திருக்கிறேன். 31ஆம் தேதி கடைசி என்று போட்டிருக்கிறது பாருங்கள்.

ஆறுச்சாமி


அருள்புரம்
23-1-2026

அன்புள்ள ஆறுச்சாமி அவர்களுக்கு,

சான்றிதழ் இத்துடன் இருக்கிறது. கம்பெனி ஃபைலில் இருந்ததைத் திரும்ப வாங்கி, பள்ளிக்கூடத்தில் கொடுத்து ரத்து செய்துவிட்டு, 'தந்தை: ஆறுச்சாமி' என்று தங்கள் பெயரிலேயே புதிதாக எழுதி வாங்கினேன். ஆபீஸ் அம்மா என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீங்க யாருங்க?" என்றார். "நான் அவங்க ஊட்டுலதாங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வண்டியில் வரும்போதுதான் என்ன பதில் அது என்று எனக்கே சிரிப்பாக இருந்தது. சிரிப்பு பாதி தூரம்தான் வந்தது.

மேனேஜரிடம் தாங்கள் சொன்னதையே சொன்னேன். அவர் ஃபைலை எடுத்துக் கொடுத்துவிட்டார். என் ஃபார்மில் பழையபடி முகிலன், யாழினி. ஒன்றைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வரும் சம்பளத்துக்கு எப்படிப் பார்த்தாலும் வரியே கிடையாது. யார் பெயரை எழுதினாலும் எனக்கு ஒரு ரூபாய் மிச்சமில்லை, நட்டமும் இல்லை. அவள் பெயரை எழுதியது பணத்துக்காக என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

இனி எழுதப்போவது என் தொழில் புத்தி, மன்னிக்கவும். தாங்கள் அனுப்பிய நோட்டீசின் பின்பக்கம் தங்கள் வரிக் கணக்கு அச்சாகியிருந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன். தாங்கள் பழைய முறையில் வரி கட்டுகிறீர்கள். டியூஷன் ஃபீஸ், பி.எஃப். எல்லாம் கழித்த பிறகும் இந்த வருசம் நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் வரி வருகிறது. புதிய முறைக்கு மாறினால் தங்கள் சம்பளத்துக்கு வரி ஒன்றுமே இல்லை. ஒரு பைசா கட்ட வேண்டாம். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

யாருமே தங்களுக்குச் சொல்லவில்லையா? இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மாற்றிக்கொண்டால் பிடித்த பணம் திரும்ப வந்துவிடும். விருப்பமிருந்தால் நானே செய்து தருகிறேன். ஃபீஸ் ஒன்றும் வேண்டாம்.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கந்தவேல்


லூதியானா
8-2-2026

கந்தவேல் அவர்களுக்கு,

சான்றிதழ் 29ஆம் தேதி வந்தது, 30ஆம் தேதி கொடுத்துவிட்டேன். 'தந்தை: ஆறுச்சாமி' என்று சீலோடு இருந்ததை செராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டேன். நன்றி.

வரி விசயம் எனக்குத் தெரியும்.

எங்கள் ஹெச்.ஆர். பெண் சின்ன வயசு. ரெண்டு வருசமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டி, "சார்ஜி, ஜீரோ! ஜீரோ!" என்பாள். நான் புரியாத மாதிரி நிற்பேன். மதராசிக்கு மூளை அவ்வளவுதான் என்று முடிவு பண்ணியிருப்பாள். பண்ணட்டும். புதிய முறை ஃபார்மையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். பெயர், நம்பர், கையெழுத்து. ஃபீஸ் காட்டத் தேவையில்லை, அதனால் பிள்ளையின் பெயருக்குக் கட்டமே கிடையாது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நாற்பத்தைந்தாயிரம் எனக்கும் பணம்தான். ராத்திரி பகலாக மிசின் அடியில் படுத்துச் சம்பாதிக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று நீங்கள் நினைப்பது இங்கே வரைக்கும் கேட்கிறது. ஆனால் வருசத்தில் ஒருநாள், பேனாவை எடுத்து, குழந்தையின் பெயர்: அன்புசெல்வி, உறவு: மகள் என்று என் கையால் எழுதுகிறேன். வேறு எங்கே போய் நான் அதை எழுதுவேன், சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சமரசப்படி மாதம் ரெண்டாவது சனிக்கிழமை பாப்பாவை நான் பார்க்கலாம். நல்லூரில் பள்ளிக்கூடத்துக்கு எதிரே பேக்கரியில்தான் சந்திப்போம். அவளுக்கு எக் பஃப்ஸ், எனக்குத் தேங்காய் பன். ஐந்து வருசம் விடாமல் வந்தேன். ரெண்டு வருசம் முன்னால் பிப்ரவரியில் ஸ்கூல் ஆண்டு விழா. பாப்பா டான்ஸ் ஆடுகிறாள் என்று நானும் வந்தேன். நீங்களும் நிர்மலாவும் வந்திருந்தீர்கள், தூரத்தில் வணக்கம் வைத்தோம், ஞாபகம் இருக்கும். முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அவளுடைய சிநேகிதிப் பெண் ஒன்று என்னைக் காட்டி, "இவங்க யாருடி?" என்றது. பாப்பா என்னைப் பார்த்தாள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "மாமா" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை. சத்தியமாக இல்லை. பிள்ளை இத்தனை பேருக்கு நடுவில் இத்தனை கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நான் அங்கே போய் நிற்பதுதான் அவளுக்குச் சங்கடம் என்று புரிந்தது. ஒரு ஊசி உடைந்தால் துணி நெடுக ஒரு கோடு விழும். மிசினை நிறுத்தி அந்த ஊசியைக் கழற்றுவதுதான் ஃபிட்டர் வேலை. என்னையே கழற்றிக்கொண்டேன், அதற்கப்புறம் பேக்கரிக்கு வரவில்லை. ரெண்டு மாசத்தில் லூதியானா வேலை கிடைத்தது. அவளிடம் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அவள் இப்போது எவ்வளவு உயரம்?

ஆறுச்சாமி


அருள்புரம்
16-2-2026

அன்புள்ள ஆறுச்சாமி,

உயரம் நூற்று ஐம்பத்தாறு சென்டிமீட்டர். பி.டி. மிஸ் அளந்தது. யார் சொன்னது என்பதைக் கடைசியில் சொல்லாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளேதான் சொன்னாள்.

தங்களுக்கு முதல் பதில் எழுதினேனே, அன்று ரெண்டாவது சனிக்கிழமை. எனக்கு அரை நாள்தான் வேலை. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நல்லூர் வரும்போது பேக்கரி வாசலில் அன்புவின் சைக்கிள் நின்றது. உள்ளே சுவரோர மேசையில் தனியாக உட்கார்ந்து பஃப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளுக்கு மேத்ஸ் டியூஷன். இன்று சார் லீவு போலிருக்கிறது, பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று நான் நிற்காமல் வந்துவிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

தங்களுடைய கடிதம் போன வெள்ளிக்கிழமை வந்தது. பேக்கரி என்று படித்ததும் ஜனவரியில் பார்த்தது ஞாபகம் வந்தது. டியூஷன் சாருக்குப் போன் போட்டேன். "செகண்ட் சாட்டர்டே மட்டும் அன்புக்கு லீவுங்களே. ஊட்டுல வேலை இருக்குதுன்னு ஆரம்பத்துலயே சொல்லீருச்சு" என்றார். ரெண்டு வருசமாக.

மறுநாள் ரெண்டாவது சனிக்கிழமை. போனேன். அதே மேசையில் இருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, அம்மா அனுப்புனாங்களா?" என்றாள்.

"இல்ல கண்ணு, நானாத்தான் வந்தேன். உங்கப்பா லெட்டர் போட்டிருக்காரு."

"எனக்குங்களா?"

"எனக்கு."

தலையைக் குனிந்துகொண்டாள். பஃப்ஸைப் பிய்த்துக்கொண்டே, "என்னையக் கேட்டாருங்களா?" என்றாள்.

"நீ எவ்வளவு உசரம்னு கேட்டிருக்காரு."

அந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். நான் அளந்து எழுதுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. அப்புறம் அவளே, "நூத்தி அம்பத்தாறுன்னு எழுதீருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுதுவிட்டாள். பேக்கரிக்காரர் இரண்டு டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

ஆண்டு விழாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "அந்தப் புள்ளைக்கு உங்களத்தான் தெரியுமுங்க, டைரியில நீங்கதான கையெழுத்துப் போடுவீங்க. அன்னிக்கு நீங்களும் அங்கதான் நின்னீங்க. ரெண்டு பேருல யாரச் சொல்றதுன்னு தெரியாம வாயில அப்பிடி வந்துருச்சு. அடுத்த ரெண்டாவது சனிக்கிழமை சாரி சொல்லீரலாம்னு வந்து ஒக்காந்திருந்தனுங்க. வரவே இல்லீங்க. அதுக்கடுத்த மாசமும் வரல."

தங்களுக்குக் கடிதம் போட்டால் என்ன என்று கேட்டேன். விலாசமும் நம்பரும் தெரியாது, அம்மாவிடம் கேட்கப் பயம் என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் நிர்மலாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, தங்கள் கடிதங்களையும் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வரச் சொல்லுங்க. கோர்ட்டுல, போன்ல பேசக் கூடாதுன்னுதான் நான் எழுதி வாங்குனேன். பார்க்கக் கூடாதுன்னா எழுதி வாங்குனேன்?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஜூனில் அன்பு பத்தாவது போகிறாள். எல்லாச் சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ் என்று பள்ளிக்கூடத்தில் இப்போதே சொல்லிவிட்டார்கள். மார்ச், ஏப்ரல், மே. மூன்று சனிக்கிழமைதான் மிச்சம்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். காகிதத்திலேயே பேசிக்கொள்ளும் நமக்குள் ஒளிவு எதற்கு. தங்களை ஒருமுறை மாமா என்றாள், அதற்கே தாங்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் போய்விட்டீர்கள். என்னை அவள் இதுவரைக்கும் எதுவுமே கூப்பிட்டதில்லை. 'ஏனுங்க' என்பாள். கல்யாணமாகி ஐந்து வருசமாக 'ஏனுங்க'தான். முகிலனும் யாழினியும் அப்பா அப்பா என்று கத்துகிற வீட்டில் அது யார் காதிலும் விழுவதில்லை. என் காதில் விழும். அந்த ஃபார்மில் 'உறவு: மகள்' என்று அவளுக்கு நேரே எழுதியபோது பேனாவை நானும் கொஞ்சம் அழுத்தியே பிடித்தேன். பணம் மிச்சமாகாத அந்தத் தாளில் நான் எதைத் தேடினேன் என்று தங்களைத் தவிர யாருக்கும் புரியாது.

வாருங்கள்.

கந்தவேல்


லூதியானா
8-3-2026

அன்புள்ள கந்தவேல்,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நூற்று ஐம்பத்தாறு என்று ரூம் சுவரில் அளந்து பென்சிலில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். என் தாடை வரைக்கும் வருகிறது. நான் விட்டுவிட்டு வந்தபோது நெஞ்சு வரைக்கும் இருந்தாள்.

ரெண்டு வருசம் பிள்ளை தனியாக உட்கார்ந்து பஃப்ஸ் தின்றிருக்கிறது. நான் இங்கே ஊசியைக் கழற்றிவிட்டேன், பெரிய தியாகம் பண்ணிவிட்டேன் என்று தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கழற்ற வேண்டாத ஊசியைக் கழற்றியிருக்கிறேன், கந்தவேல். இருபது வருச ஃபிட்டர். இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

மார்ச் 14க்கு லீவு கேட்டேன், ஆர்டர் நெருக்கடி, கிடைக்கவில்லை. ஏப்ரல் 11க்குக் கொடுத்துவிட்டார்கள். ரயில் டிக்கெட் போட்டாச்சு. வெயிட்டிங் லிஸ்ட் இல்லை, கன்ஃபர்ம். ரெண்டு ராத்திரிப் பயணம். நேரே பேக்கரிக்கு வந்துவிடுகிறேன்.

வரி விசயத்தில் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். புது வருசத்துக்குப் புதிய முறை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கட்டம் இல்லாத அந்த ஒரு பக்க ஃபார்ம்தான். ஹெச்.ஆர். பெண் எழுந்து நின்று கை கொடுத்தாள். பழசுக்கு ஜூலையில் நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள், திரும்பி வருகிற பணத்தை ரயிலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

அதே நாள் அவள் இன்னொரு தாளையும் நீட்டினாள். கம்பெனி எங்களுக்கு விபத்து இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. நான் செத்தால் பணம் யாருக்கு என்று எழுதுகிற ஃபார்ம். என்னுடையதில் எங்கள் ஊர் கொமரலிங்கத்தில் இருந்த என் அம்மா பெயர் அப்படியே இருந்தது. அம்மா போய் ஒரு வருசம் ஆயிற்று. "மாத்துங்க சார்" என்றாள். அன்புசெல்வி என்று எழுதினேன். உறவு: மகள். நல்லாத்தான் இருந்தது. கீழே இன்னும் ரெண்டு கட்டம் இருந்தது. வாரிசு பதினெட்டு வயசுக்குக் கீழே இருந்தால் காப்பாளர் பெயர். அந்தக் காப்பாளருக்கும் சிறுமிக்கும் என்ன உறவு.

காப்பாளர் பெயரில் தயங்கவில்லை. கந்தவேல், நல்லூர், திருப்பூர் என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில்தான் பேனா நின்றுவிட்டது. முதல் கடிதத்தில் உங்களுக்கும் எனக்கும் முறை தேடினேனே, அதே மாதிரி. அவள் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று நீங்கள் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. 'ஏனுங்க' என்று எழுத முடியாது அல்லவா.

தந்தை என்று எழுதினேன்.

ஹெச்.ஆர். பெண் வாங்கிப் படித்துவிட்டு, "சார், ஃபாதர் நீங்கதானே? ஒரு பொண்ணுக்கு ரெண்டு ஃபாதர் எப்படி?" என்றாள். "எங்க ஊர்ல உண்டு" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். நம் ஊரிலும் அதற்குக் கட்டம் கிடையாது, உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஆனால் அவள் திருப்பூரை எங்கே கண்டாள். சரி என்று சீல் குத்தி உள்ளே வைத்துவிட்டாள். என் பெயரும், பாப்பா பெயரும், உங்கள் பெயரும் இப்போது அந்த பீரோவில் ஒரே தாளில் இருக்கிறது. நகல் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்கள் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 11 சனிக்கிழமை. காலை பதினொரு மணி. நீங்களும் வந்து உட்காருங்கள், எனக்குத் தனியாக அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அந்தச் சிநேகிதிப் பெண் அந்தப் பக்கமாக வந்து யாருடி இவங்க என்று கேட்டால், பாப்பா என்ன சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள். மாமா என்றாலும் சரி. நான் எழுந்து போக மாட்டேன்.

ஆறுச்சாமி